ரத்த ஸ்டெம் செல்களை உறையவைத்துச் சேமிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குத் தயாராகும் நோயாளிகளும் அவர்களுடன் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. எலும்பு மஜ்ஜையில் இருந்துகொண்டு எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கும் தாய்ச் செல்களே ரத்த ஸ்டெம் செல்கள். சேகரித்த செல்களைப் பதப்படுத்தி, உறையவைத்து, தேவைப்படும் நாளில் உருக்கித் தருவது எங்கள் ஆய்வகத்தின் வேலை. "மைனஸ் 196 டிகிரியில் உயிர் எப்படித் தாங்கும்?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்பார்கள். அந்தக் குளிரில் இருக்கும்போது செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. அங்கே போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும்தான் செல் சாகிறது. எங்கள் கவனம் முழுக்க அந்த இரண்டு பயணங்களின் மேல்தான். நீங்களும் மருத்துவரிடம் அவற்றைப் பற்றியே கேளுங்கள்.

எடுத்த செல்லை உடனே ஏற்றாமல் ஏன் உறையவைக்க வேண்டும்?

மல்டிபிள் மைலோமா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்களில் நோயாளியின் சொந்த செல்லையே எடுத்துத் திருப்பித் தருகிறோம். இடையில் மிகக் கடுமையான கீமோ ஒன்று இருக்கிறது. புற்றுநோயை அழிக்கும் அளவுக்கு மருந்து கொடுத்தால் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் ஸ்டெம் செல்லை முன்கூட்டியே எடுத்து வெளியே பத்திரப்படுத்திவிட்டு, மருந்து உடலை விட்டுப் போன பிறகு திரும்ப ஏற்றுகிறார்கள். இந்த இடைவெளி சில நாட்களாகவும் இருக்கலாம், சில மாதங்களாகவும் இருக்கலாம். நோய் திரும்பினால் இன்னொரு முறை உதவட்டும் என்று ஒரு பங்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் உண்டு.

செல்லை எங்கிருந்து எடுக்கிறார்கள்? வலிக்குமா?

முன்பு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். இப்போது சொந்த செல் சிகிச்சையில் பெரும்பாலும் ரத்தத்திலிருந்தே எடுக்கிறார்கள். ஸ்டெம் செல்கள் சாதாரணமாக மஜ்ஜையை விட்டு வெளியே அதிகம் வருவதில்லை. ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியை நான்கைந்து நாட்கள் தொடர்ந்து போட்டால் அவை ரத்தத்தில் இறங்கத் தொடங்கும். அந்த நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி வரும்; சாதாரண வலி மாத்திரையே பெரும்பாலும் போதும். ஊசிக்கும் போதிய செல்கள் இறங்கவில்லை என்றால் பிளெரிக்சாஃபர் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். மஜ்ஜையில் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை அது தளர்த்திவிடும். அமெரிக்காவில் 2008ல் அனுமதி பெற்ற மருந்து அது. அதற்கு முன் "செல் கிடைக்கவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பலருக்கு அது வழி திறந்தது.

சேகரிக்கும் நாளில் ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். இயந்திரம் அதைச் சுழற்றி வேண்டிய அடுக்கை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி அனுப்பும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பில் கால்சியத்தைக் குறைப்பதால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு தெரியும். தெரிந்த உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

எவ்வளவு செல் இருந்தால் போதும்?

பையில் எத்தனை மில்லி இருக்கிறது என்பது இங்கே கணக்கே இல்லை. சிடி34 என்ற அடையாளத்தைத் தன் மேற்பரப்பில் தாங்கிய செல்கள் எத்தனை என்று எண்ணுகிறோம். நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் வேண்டும். 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 12 கோடியிலிருந்து 30 கோடி வரை. ஒரே நாளில் இந்த எண் வரவில்லை என்றால் மறுநாளும் இயந்திரத்தில் படுக்க வேண்டியிருக்கும். அது தோல்வி அல்ல. முன்பே நிறைய கீமோ எடுத்தவர்களுக்கு இது சகஜம்.

உறைந்தால் செல் செத்துவிடாதா?

வெறுமனே உறையவைத்தால் செத்துவிடும், சந்தேகமே இல்லை. காரணம் தண்ணீர். செல்லுக்குள்ளே பெரும்பகுதி தண்ணீர்தான். வேகமாகக் குளிர்வித்தால் அது வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனிக்கட்டியாகி, செல்லின் சவ்வையும் உள்ளமைப்பையும் கிழித்துவிடும். அதற்குப் பயந்து மிக மெதுவாகக் குளிர்வித்தால் வேறொரு ஆபத்து. முதலில் உறைவது செல்லுக்கு வெளியே உள்ள தண்ணீர். தண்ணீர் மட்டும் பனியாகப் பிரிந்துவிட, மீதமுள்ள கரைசலில் உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துச் சுருக்கிவிடும். அதே உப்புக் கரைசலில் நெடுநேரம் கிடப்பதும் செல்லைக் கெடுக்கும். ஆக, வேகமானால் ஒரு சாவு, தாமதமானால் இன்னொரு சாவு. 1970களின் தொடக்கத்தில் பீட்டர் மேசர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இதைத் தெளிவாக விளக்கினார்கள். ஒவ்வொரு வகை செல்லுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு பொருத்தமான வேகம் உண்டு. ரத்த ஸ்டெம் செல்லுக்கு அது நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி.

வேகம் சரியாக இருந்தாலும் பாதுகாப்புத் திரவம் இல்லாமல் ஆகாது. 1949ல் லண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர் கிளிசரால் சேர்த்தால் சேவலின் விந்தணு உறைந்து உருகிய பிறகும் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். இன்றைக்கு நாங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுதான். 1959ல் லவ்லாக், பிஷப் இருவரும் டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற திரவம் அதே வேலையைச் செய்வதாகக் காட்டினார்கள். அது செல்லுக்குள் வேகமாக நுழைவதால் ஸ்டெம் செல்லுக்கு அதுவே நிலைத்துவிட்டது.

அந்த டி.எம்.எஸ்.ஓ. என்ன செய்கிறது? விஷமா?

தண்ணீரோடு கலந்து, பனிக்கட்டி உருவாவதைக் குறைத்து, உப்பின் செறிவு எகிறாமல் தணித்து வைக்கிறது. வழக்கமாக 10 சதவீதம் சேர்க்கிறார்கள். 5 சதவீதம் போதும் என்று குறைத்துக்கொண்ட மையங்களும் உண்டு. குளிரில் செல்லைக் காப்பாற்றும் இதே திரவம் அறை வெப்பத்தில் நீண்ட நேரம் செல்லோடு இருந்தால் செல்லுக்குக் கெடுதல். தண்ணீரில் கலக்கும்போது அதுவே சூடும் உண்டாக்கும். அதனால் முன்கூட்டியே குளிர வைத்து, பையை ஐஸ் மேல் வைத்து, அசைத்துக்கொண்டே சிறிது சிறிதாகச் சேர்ப்போம். சேர்த்து முடித்தால் பிறகு தாமதம் கூடாது; பை நேராக உறைவிக்கும் இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

நோயாளிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரு நாளில் கிலோவுக்கு 1 கிராம் டி.எம்.எஸ்.ஓ.வுக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான விதி. 10 சதவீதம் கலந்த 100 மி.லி. பையில் சுமார் 11 கிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரே நாளில் ஐந்து பை வரை சரி. அதற்கு மேல் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்து ஏற்றுவார்கள்.

உறையவைப்பதை நேரில் பார்த்தால் எப்படி இருக்கும்?

பையைத் தட்டையாகப் பரப்பி மெல்லிய அலுமினியப் பெட்டிக்குள் வைத்து மூடுவோம். தட்டையாக இருந்தால்தான் நடுவும் ஓரமும் ஒரே சமயத்தில் குளிரும். பெட்டிகள் இயந்திரத்துக்குள் போனதும் திரவ நைட்ரஜனின் ஆவி அளவாகப் பாயும். திரையில் இரண்டு கோடுகள் ஓடும்: ஒன்று இயந்திரத்தின் உள்ளறையின் வெப்பநிலை, மற்றது மாதிரிப் பையின் வெப்பநிலை. இரண்டும் சேர்ந்து இறங்கிக்கொண்டே வரும். மைனஸ் 5க்கும் மைனஸ் 10க்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் பையின் கோடு திடீரென்று மேலே எழும்பும். அந்த நொடியில்தான் பனி பிறக்கிறது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அதை உடனே வாங்கிக்கொள்ளாவிட்டால் செல்கள் பாதி உறைந்த நிலையில் தத்தளிக்கும். இயந்திரம் அந்த நேரத்தில் சட்டென்று கூடுதல் குளிரைப் பாய்ச்சிப் பையின் கோட்டை மறுபடி பாதைக்குக் கொண்டுவரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடத்தில் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை. மைனஸ் 40 தாண்டியதும் வேகத்தைக் கூட்டலாம். மைனஸ் 100 அளவுக்கு வந்ததும் பெட்டிகள் சேமிப்புத் தொட்டிக்கு மாறும். அந்த முழு வரைபடமும் உங்கள் கோப்பில் சேரும்.

இந்த இயந்திரம் இல்லாத இடங்களில் மைனஸ் 80 ஃப்ரீசரில் நேரடியாக வைத்து உறையவைக்கும் முறையும் இருக்கிறது. சில மாதங்களுக்குள் பயன்படுத்தும் செல்லுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. நீண்ட காலம் வைப்பதற்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கரண்ட் போய்விட்டால்?

தொட்டியைக் குளிர வைத்திருப்பது மின்சாரம் அல்ல, திரவ நைட்ரஜன். வெற்றிடச் சுவர் கொண்ட அந்தத் தொட்டி தெர்மாஸ் ஃபிளாஸ்க் மாதிரி. நைட்ரஜன் மெதுவாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், குறைந்த அளவைத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் தேவைப்படுவது அளவு பார்க்கும் கருவிக்கும் அலாரத்துக்கும் தானாக நிரப்பும் வால்வுக்கும். ஆகவே கரண்ட் போவதைவிட யாரும் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு கருத்தரிப்பு மையங்களில் தொட்டிகள் பழுதாகி ஆயிரக்கணக்கான கருமுட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. அலாரம் அடித்தால் இரவு 2 மணிக்கு யாருடைய ஃபோனுக்குப் போகும் என்று உங்கள் மையத்தில் கேளுங்கள். ஒரே நோயாளியின் பைகளை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பை மாறிப்போகுமா? ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்குக் கிருமி பரவுமா?

பை மாறாமலிருக்க ஒவ்வொரு பையிலும் பார்கோடு, நோயாளியின் அடையாளங்கள், இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்த கையெழுத்து எல்லாம் உண்டு. தொட்டியிலிருந்து எடுக்கும்போதும் படுக்கையருகிலும் மறுபடி சரிபார்ப்பார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

கிருமிக் கேள்விக்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1995ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, திரவ நைட்ரஜன் தொட்டி ஒன்றில் கசிந்த பையிலிருந்து மற்றப் பைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி பரவி நோயாளிகளைத் தொற்றியதைக் காட்டியது. வைரஸ் அந்தக் குளிரில் சாகாது. செல்லைக் காப்பாற்றும் குளிர் அதையும் காப்பாற்றும். அதன் பிறகுதான் பைகளைத் திரவத்தில் மூழ்கடிக்காமல் மேலே உள்ள ஆவியில் வைப்பதும், பைக்கு மேல் இன்னொரு உறை போடுவதும், தொற்று உள்ளவர்களின் பைகளுக்குத் தனித் தொட்டி வைப்பதும் பரவலாயின. எடுப்பதற்கு முன் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பரிசோதனைகள் கேட்பது இதற்காகத்தான். முடிவு பாசிட்டிவ் என்றால் சேமிக்க மாட்டோம் என்று பொருளில்லை. வேறு இடத்தில் சேமிப்போம், அவ்வளவுதான்.

எத்தனை வருடம் கெடாமல் இருக்கும்?

மைனஸ் 130க்குக் கீழே தண்ணீர் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. வேதிவினைகள் நடக்க வழியில்லை. செல்லுக்கு வயதும் ஏறாது. ஆவியில் வைத்தாலும் மைனஸ் 150க்குக் கீழேயே இருக்கும். தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து 27 ஆண்டுகள் உறைந்திருந்த ஸ்டெம் செல்களை உருக்கிப் பார்த்தபோது அவை ஆய்வக எலிகளின் உடலில் குடியேறி ரத்தம் உண்டாக்கின. ஹால் பிராக்ஸ்மேயர் குழுவின் அந்த ஆய்வு 2023ல் வெளியானது. "காலாவதித் தேதி" என்று உறுதியாகச் சொல்ல இதுவரை ஒரு எல்லை தென்படவில்லை. நடுவில் எத்தனை முறை தொட்டி திறக்கப்பட்டது, பை எத்தனை முறை வெளியே எடுக்கப்பட்டது என்பதுதான் ஆண்டுகளைவிட முக்கியம். ஒவ்வொரு முறையும் வெப்பம் சிறிது ஏறி இறங்கும்.

ஏற்றும் நாளில் என்ன நடக்கும்?

பையை நைட்ரஜன் ஆவியிலேயே வார்டுக்குக் கொண்டுவருவோம். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இறக்கி மெல்ல அசைத்தால் ஓரிரு நிமிடங்களில் உருகிவிடும். உறையவைக்கும்போது நிதானம் என்றால் உருக்கும்போது வேகம். மெதுவாக உருக்கினால் சின்னப் பனித்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, தப்பித்து வந்த செல்லையும் குத்திவிடும். நடுவில் ஒரு சின்னப் பனித்துண்டு மிச்சமிருக்கும்போதே வெளியே எடுப்போம். உருகிய பையைத் திரும்ப உறையவைக்க முடியாது. அதனால்தான் மருத்துவர் "தயார்" என்று சொல்லும் வரை பையைத் தண்ணீரில் இறக்குவதில்லை. ஒரு பை ஏறி முடிந்த பிறகே அடுத்ததை உருக்குவோம்.

ஏறும்போது குமட்டல், முகம் சிவத்தல், தொண்டையில் கரகரப்பு, ரத்த அழுத்தத்தில் ஏற்ற இறக்கம் வரலாம். ஒவ்வாமைக்கான மருந்தை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். அறையில் பூண்டு மாதிரி ஒரு வாடை அடிக்கும். டி.எம்.எஸ்.ஓ. உடலில் உடைந்து மூச்சு வழியாக வெளியேறும் வாடை அது. ஓரிரு நாட்களில் போய்விடும். நோயாளியை விடப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அதிகம் தெரியும், ஆகவே கூட இருப்பவர் முகம் சுளிக்காமல் இருப்பது பெரிய உதவி. சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பையில் கலந்திருந்த சிவப்பணுக்கள் உறைந்து உடைந்ததன் நிறம் அது. ஆனாலும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

செல்கள் வேலை செய்கின்றனவா என்று எப்போது தெரியும்?

ரத்தத்தில் ஏற்றினால் அவை தாமாகவே மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்துப் போய்விடும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500ஐத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாட்கள் நின்றால் செல் பிடித்துவிட்டது என்பார்கள். சொந்த செல்லில் இது பெரும்பாலும் 10 முதல் 14 நாள். தொப்புள்கொடி ரத்தம் என்றால் மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகும். முதல் வாரத்தில் எண் பூஜ்யத்திலேயே கிடப்பதைப் பார்த்துப் பல குடும்பங்கள் உடைந்துபோகின்றன. எதிர்பார்த்த ஒன்றுதான் அது.

புற்றுநோய் செல்லும் சேர்ந்து உறைந்து திரும்ப வந்துவிடாதா?

வரலாம். 1993ல் மால்கம் பிரென்னர் குழு, எடுத்த செல்லில் மரபணு அடையாளம் பதித்து ஏற்றி, திரும்பி வந்த நோயில் அந்த அடையாளம் இருந்ததைக் காட்டியது. அதனால்தான் நோய் முடிந்த அளவு அடங்கிய பிறகு செல்லை எடுக்கிறார்கள். ஆனால் பையிலிருந்து புற்றுநோய் செல்களை நீக்கிச் சுத்தம் செய்து ஏற்றிய மைலோமா நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. பையில் இருப்பதைவிட உடம்பில் மிஞ்சியிருப்பதே பெரிய பிரச்சினை என்பதுதான் அதற்குக் காரணம்.

கொடையாளரின் செல்லையும் உறையவைக்கலாமா?

வழக்கமாக எடுத்த சூட்டோடு கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், அமெரிக்காவின் தேசிய மஜ்ஜைக் கொடைத் திட்டம் செல் வந்து சேர்ந்து உறைந்த பிறகே நோயாளிக்குக் கீமோ தொடங்க வேண்டும் என்று மாற்றியது. ரத்தப் புற்றுநோய்களில் பலனில் பெரிய வித்தியாசம் பொதுவாகத் தெரியவில்லை. மஜ்ஜை ரத்த அணுக்களைப் போதிய அளவு உண்டாக்காத ஏபிளாஸ்டிக் அனீமியாவில் மட்டும் உறைந்த செல் பிடிக்காமல் போவது கூடுதலாக இருந்தது. அந்த நோய்க்குப் புதிய செல்லையே கேளுங்கள்.

உறையவைக்காமலே செய்வதாகச் சில இடங்களில் சொல்கிறார்களே?

உண்மைதான். மைலோமாவுக்கான மெல்ஃபலான் கீமோவை ஒரே நாளில் கொடுத்துவிடலாம்; மறுநாளே செல் ஏற்றலாம். அந்த அவகாசத்துக்கு 4 டிகிரி ஃப்ரிட்ஜே போதும். டி.எம்.எஸ்.ஓ.வின் தொந்தரவும் இல்லை. ஆறு நாள் நீளும் லிம்போமா கீமோவுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது. அடுத்த முறைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்கவும் முடியாது.

குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கலாமா?

1988ல் பாரிஸில் மருத்துவர் எலியான் குளுக்மன், மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோயான ஃபேன்கோனி அனீமியா இருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குப் புதிதாகப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார். அதுதான் உலகில் முதல் முறை. வெட்டி எறியப்பட்டுக்கொண்டிருந்த ஒன்று ஓர் உயிரைக் காப்பாற்றியது. தொப்புள்கொடி ரத்தத்தின் மதிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம், "உங்கள் குழந்தைக்கு வாழ்நாள் காப்பீடு" என்று விற்கும் தனியார் விளம்பரத்தின் மேல்தான்.

குழந்தைக்குப் பின்னால் பரம்பரை ரத்த நோய் தெரியவந்தால், சேமித்த செல்லிலும் அதே குறை இருக்கும். குழந்தைப்பருவ ரத்தப் புற்றுநோய்கள் சிலவற்றில் முதல் மரபணு மாற்றம் பிறக்கும்போதே ரத்தத்தில் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அதற்கும் சொந்தப் பையை மருத்துவர் விரும்ப மாட்டார். ஒரு பையில் கிடைப்பது 100 மி.லி. அளவுதான், வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் போதாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017ல் வெளியிட்ட அறிக்கையும் பொது வங்கிக்குக் கொடுப்பதையே ஆதரிக்கிறது. பொது வங்கியில் இருக்கும் பை, தேவைப்படும் யாருக்கும் போய்ச் சேரும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு தலசீமியாவோ ரத்தப் புற்றுநோயோ இருந்தால் என் பதில் தலைகீழாக மாறும். உடன்பிறந்தவருக்கு முழுப் பொருத்தம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படியானால் பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி, கட்டாயம் சேமியுங்கள்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் பையையும் கொண்டுபோக முடியுமா?

முடியும். நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சுவருள்ள பயணக் கொள்கலன் இருக்கிறது. கவிழ்ந்தாலும் திரவம் சிந்தாது, மைனஸ் 150க்குக் கீழே ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். உள்ளே வெப்பநிலையைப் பதியும் கருவி இருக்கும். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் போடக் கூடாது என்ற கடிதம் உடன் போக வேண்டும். நீங்களே தூக்கிச் செல்லலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மீதமுள்ள பைகளை என்ன செய்வார்கள்?

சேகரிக்கும் முன் நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே இது இருக்கும்: எத்தனை ஆண்டு வைப்பது, அதன் பிறகு அழிப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, நோயாளி இறந்துவிட்டால் யார் முடிவெடுப்பது. பலரும் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். வருடங்கள் கழித்து மையத்திலிருந்து கடிதம் போகும்போது முகவரி மாறியிருக்கும், ஃபோன் எண் மாறியிருக்கும். முடிவெடுக்க ஆளில்லாமல் பைகள் தொட்டியிலேயே கிடக்கும். முகவரி மாறினால் மருத்துவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் ஸ்டெம் செல் ஆய்வகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். இரண்டாவது மாற்று சிகிச்சைக்கு இனி வாய்ப்பில்லை என்று உங்கள் மருத்துவர் சொல்லும் வரை எந்தப் பையையும் அழிக்கச் சம்மதிக்க வேண்டாம்.